மலையகத்து வைத்தியர்களுக்கு: "சிகரெட்டை விடுங்க" என்று சொன்ன பிறகு?

இலங்கை மலையகத்தின் அரச வைத்தியசாலைகளிலும், தோட்டத்து டிஸ்பென்சரிகளிலும், டவுனில் பின்னேரம் திறக்கிற தனியார் கிளினிக்குகளிலும் நோயாளி பார்க்கிற வைத்தியர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஹட்டன் பக்கத்தில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்தை "வெளியில எடுங்க" என்று நீங்கள் எழுதிக் கொடுக்கிற துண்டு எங்கள் மேசைக்குத்தான் வந்து சேருகிறது. அதனால் உங்கள் கையெழுத்து எனக்கு நல்ல பழக்கம், உங்கள் நோயாளிகளும் பழக்கம். மூச்சு இழுப்புக்குப் பம்ப், நெஞ்சு வருத்தத்துக்கு அஸ்பிரின், கொலஸ்ட்ரோலுக்கு அடோவாஸ்டடின், பிரஷருக்கு லொசாட்டன், இருமலுக்கு ஏதாவது ஒரு பாணி. எல்லாவற்றையும் வாங்கி, மிச்சக் காசை எண்ணிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மனுஷன் நேரே பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு சிகரெட் வாங்கி, அங்கே நூலில் தொங்கும் லைட்டரால் பற்ற வைக்கிறார். நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை, கேட்டுவிடுவேன்: "டாக்டர் இதைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?" "சொன்னாருங்க. விடச் சொன்னாரு." "எப்படி விடுறதுன்னு சொன்னாரா?" "விடச் சொன்னாருங்க, அம்புட்டுதான்."

இந்த "அம்புட்டுதான்" பற்றித்தான் இந்த மடல்.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எழுதவில்லை. காலையில் ஓ.பி.டி. வாசலில் நிற்கிற வரிசை எனக்கும் தெரியும். மழையில் நனைந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்களை ஒரு மத்தியானத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்றால் ஒருவருக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும்? அதற்குள் "ஐயா, புகைப்பிடித்தலை நிறுத்துவது குறித்துப் பேசுவோமா" என்று ஆரம்பிக்க முடியாதுதான். மருத்துவ பீடத்தில் உங்களுக்கு நுரையீரல் புற்றுநோயைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், ஒரு மனிதனைச் சிகரெட்டிலிருந்து எப்படி இறக்குவது என்பதற்கு எவ்வளவு நேரம் ஒதுக்கினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். சரி. ஆனால் நேரமில்லை என்பதும் கற்றுத்தரவில்லை என்பதும் வேறு, "சொன்னாலும் இவங்க கேட்க மாட்டாங்க" என்பது வேறு. இந்த மூன்றாவதை நான் எத்தனையோ வாயால் கேட்டுவிட்டேன். தோட்டத்து ஆள் என்றால் குடிப்பான், புகைப்பான், வெற்றிலை போடுவான், அதை மாற்ற முடியாது என்று ஒரு முடிவு. படித்தவர்கள் மரியாதையாகச் சொல்கிறார்கள், மற்றவர்கள் மரியாதையில்லாமல் சொல்கிறார்கள், விஷயம் ஒன்றுதான்.

கேட்கிறார்களா இல்லையா என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ரஸலும் கூட்டாளிகளும் எழுதியது. லண்டனில் 28 குடும்ப வைத்தியர்கள், அவர்களிடம் வேறு வேறு வருத்தங்களுக்கு வந்த இரண்டாயிரத்துச் சொச்சம் புகைப்பவர்கள். ஒன்றுமே செய்யாமல் விட்ட கூட்டத்தில் ஒரு வருஷம் கழித்து நூற்றுக்கு 0.3 பேர்தான் விட்டிருந்தார்கள். ஓரிரு நிமிஷம் "விடுங்கள்" என்று தெளிவாகச் சொன்ன கூட்டத்தில் 3.3 பேர். சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்து, "பிறகு உங்களை விசாரிப்போம்" என்றும் எச்சரித்து அனுப்பிய கூட்டத்தில் 5.1 பேர். ஐந்து பேர்தானே என்று சிரிக்காதீர்கள். நீங்கள் எழுதும் எத்தனையோ மாத்திரைகளின் கணக்கு இதைவிடச் சின்னது, அதையும் ஒரு மாதமும் தவறாமல் எழுதுகிறீர்கள். எனக்கு இதில் பிடித்தது கடைசிப் பகுதிதான். 3.3 ஏறி 5.1 ஆனதில் எந்த விலை கூடிய மருந்தும் இல்லை. ஒரு காகிதம், அப்புறம் "திரும்பவும் கேட்பேன்" என்ற ஒரு வார்த்தை.

நம் கிளினிக்கில் அந்த வார்த்தைக்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. மாதா மாதம் கிளினிக் கொப்பியோடு அதே ஆள் அதே வாங்கில் வந்து உட்காருகிறார். லண்டன் வைத்தியர் ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும், உங்களுக்கு அந்த வேலையும் இல்லை. பிரஷரை எழுதுகிறீர்கள், சீனியை எழுதுகிறீர்கள், அதற்குப் பக்கத்தில் "சிகரெட்: விட்டாரா, இல்லையா" என்று ஒரு வரி எழுதினால் அடுத்த மாதம் இருக்கிற வைத்தியர் வேறு ஆளாக இருந்தாலும் (இங்கே இடமாற்றம் நடக்கிற வேகம் உங்களுக்கே தெரியும்) அவர் அங்கிருந்து தொடரலாம். இது நான் கண்டுபிடித்த புது யோசனையும் இல்லை. இலங்கை 2003இலேயே ஏற்றுக்கொண்ட உலக புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 14ஆம் பிரிவு, விட விரும்புகிறவருக்கு உதவுவது அரசாங்கத்தின் கடமை என்கிறது. அதற்கு 2010இல் எழுதப்பட்ட வழிகாட்டல், புகையிலைப் பாவனையை மருத்துவக் குறிப்புகளில் கட்டாயம் பதியுங்கள் என்கிறது.

பதிகிறீர்கள்தான். வார்டில் அனுமதிக்கும்போது டிக்கெட் என்கிற நோயாளிக் குறிப்பில் "புகைப்பவர்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் போடுகிறீர்கள். அதற்குப் பிறகு அந்தக் கூட்டல் குறிக்கு ஒரு வைத்தியமும் நடப்பதில்லை. சீனி கூடியிருக்கிறது என்று எழுதிவிட்டு ஒன்றும் செய்யாமல் வீட்டுக்கு அனுப்புவீர்களா?

அடுத்தது ஏச்சு. "இன்னும் சிகரெட் குடிச்சா செத்துப்போவீங்க", "சாகணும்னா வீட்டுலயே இருங்க, இங்க ஏன் வர்றீங்க" என்று வரிசையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வது. சொல்கிறவருக்கு அக்கறைதான், எனக்குப் புரிகிறது. ஆனால் அதன் பலன் என்ன தெரியுமா? அடுத்த மாதம் அவர் பொய் சொல்வார். வாயில் புகை நாற்றம் அடிக்க "விட்டுட்டேங்க டாக்டர்" என்பார். நீங்களும் நம்பிய மாதிரி எழுதுவீர்கள். பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார், கிளினிக் அன்றைக்கு மட்டும் காலையில் இரண்டு கொய்யா இலையை மென்றுவிட்டுப் போவாராம். கொய்யா இலை வரை யோசிக்கிற மனிதனுக்கு விடுகிற வழியைச் சொல்லிக்கொடுத்திருந்தால் அதையும் யோசித்திருப்பார்.

மொழியைத் தாண்டிப் போக முடியாது. சிங்களம் மட்டும் தெரிந்த வைத்தியர் மூன்று வசனம் சொல்கிறார், நடுவில் நிற்கிற அட்டெண்டன் அதை "வேணாமாம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். அட்டெண்டனைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கு அது வேலையே இல்லை. ஆனால் நாலைந்து தமிழ் வசனம் பாடமாக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? "எத்தனை பிடிக்கிறீங்க? எழும்பி எத்தனை நேரத்துல முதல் சிகரெட்? இதுக்கு முன்னாடி விட்டுப் பார்த்தீங்களா? எந்தத் திகதியிலிருந்து விடலாம்? அடுத்த மாசம் கேட்பேன்." இவ்வளவுதான். (தமிழில் எழுதிய மடலைச் சிங்கள நண்பர்களுக்கு யாராவது வாசித்துச் சொல்லுங்கள், கோபிக்காத ஆளாகப் பார்த்து.)

இப்போது எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். "ஒரு நாளைக்கு எத்தனை?" "மூணு நாலுங்க." "ஆ, பரவாயில்ல, இன்னும் குறைச்சுக்கோங்க." இந்த உரையாடல் எல்லா இடத்திலும் நடக்கிறது. மலையகத்தில் பக்கெட் வாங்கிப் புகைக்கிறவர் குறைவு. சிகரெட் ஒன்று நூறு ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் நாட்சம்பளக்காரர் ஒவ்வொன்றாகத்தான் வாங்குவார், இடையில் பீடி. ஆகவே உங்கள் கண்ணுக்கு அவர் "லேசாகப் புகைப்பவர்". இருதயத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஹக்ஷோவும் குழுவினரும் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிக்கிறவருக்கு, 20 பிடிக்கிறவருக்கு வருகிற மேலதிக மாரடைப்பு ஆபத்தில் ஏறக்குறையப் பாதி வந்துவிடுகிறது என்று கண்டார்கள். இருபதில் ஒன்று பிடித்தால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்கு என்று நினைத்தால் தப்பு, பாதி! அப்படியென்றால் பத்திலிருந்து நாலாகக் குறைத்தவரைத் தட்டிக்கொடுத்து அனுப்புகிற நீங்கள், அவருடைய நெஞ்சுக்குப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அவரோ "டாக்டரே சரின்னுட்டாரு" என்று நாலோடு நின்றுவிடுகிறார். பீடியும் அப்படித்தான். சின்னதாக, இலையில் சுற்றியதாக இருப்பதால் பாவம் குறைவு என்று ஒரு நினைப்பு. அணைந்துவிடாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது, உள்ளே போகிற தாரும் நிக்கோட்டினும் சிகரெட்டுக்குக் குறைந்ததில்லை.

ஆனால் இதிலேயே நல்ல செய்தியும் இருக்கிறது, அதை யாரும் கவனிப்பதில்லை. நாலைந்து பிடிக்கிறவரில் அநேகமானவர்களுக்கு நிக்கோட்டின் அடிமைத்தனம் கடுமையாக இருக்காது. ஃபாகர்ஸ்ட்ரோம் கேள்விகள் என்று இருக்கின்றன, ஆறே கேள்வி, அதில் முக்கியமானது காலையில் எழும்பி எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட் என்பது. ஐந்து நிமிஷத்துக்குள் என்றால் ஆள் நன்றாக மாட்டிக்கொண்டவர், மருந்து உதவி தேவைப்படும். வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய், மலையேறி, பத்து மணித் தேத்தண்ணிக்குப் பிறகுதான் முதலாவது என்றால், அது பெரும்பாலும் பழக்கம், கூட்டாளிகள், கையில் வருகிற ஓய்வு நேரம். அவருக்குத் திகதி ஒன்றும் திரும்பக் கேட்கிற ஒருவரும் போதுமாக இருக்கலாம். ஆகவே "எங்களிடம் மருந்து இல்லையே, என்ன செய்ய" என்ற பதில் உங்கள் நோயாளிகளில் பெரும் பகுதிக்குப் பொருந்தாது.

மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது என் தொழில். நிக்கோட்டின் சூயிங்கம், தோலில் ஒட்டுகிற பட்டி மாதிரியான பதிலீடுகளை உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. விடுவதற்கு உதவுகிற மாத்திரைகளான புப்ரோப்பியனும் வரெனிக்லினும் 2021இல் சேர்ந்தன. 2024 ஜூலையில் பெரியவர்கள் புகையிலையை விடுவதற்கான முதலாவது சிகிச்சை வழிகாட்டியையும் அந்த நிறுவனம் வெளியிட்டது. எங்கள் பக்கம் இவற்றை எழுதிக்கொண்டு வருகிற சீட்டு மிக அரிது. யாரும் எழுதாததால் கடையில் வைப்பதில்லை, கடையில் இல்லாததால் யாரும் எழுதுவதில்லை. இந்த வட்டத்தை நான் ஒரு பக்கத்திலிருந்து உடைக்க முடியாது, சீட்டு உங்கள் கையில்தான் இருக்கிறது.

எழுதாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைச் சொன்னால் கோபம் வரக்கூடாது. நிக்கோட்டினே புற்றுநோயைக் கொடுக்கும், ஆகவே சிகரெட்டுக்குப் பதில் சூயிங்கம் கொடுப்பது ஒரு விஷத்துக்குப் பதில் இன்னொன்று என்ற எண்ணம். இது இங்கே மட்டும் இல்லை. 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பத்து வைத்தியர்களில் எட்டுப் பேர் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். நிக்கோட்டின் அடிமையாக்குகிறது, உண்மை. புற்றுநோயும் நெஞ்சடைப்பும் வருவது முக்கியமாகப் புகையிலிருந்து, அதிலுள்ள தாரிலிருந்து, கார்பன் மொனொக்சைட்டிலிருந்து. நிக்கோட்டினை மட்டும் சில வாரங்கள் அளவாகக் கொடுத்து, புகையை நிறுத்தி, பிறகு அளவையும் இறக்குவதுதான் அந்தச் சிகிச்சையின் முழு யோசனையும். சூயிங்கத்தை எப்படிப் பாவிப்பது என்று சொல்லிக்கொடுக்க நம் ஆட்களுக்கு அதிக நேரம் எடுக்காது: கொஞ்சம் மென்று, காரம் தெரிந்ததும் வெற்றிலையை அடக்குகிற மாதிரி கன்னத்துக்குள் ஒதுக்கி வையுங்கள், காரம் போனதும் திரும்ப மெல்லுங்கள். சாதாரண சூயிங்கம் போல விடாமல் மென்றால் விக்கலும் வயிற்றெரிவும் வரும், "இது எனக்கு ஒத்துக்கலை" என்று இரண்டு நாளில் தூக்கி எறிந்துவிடுவார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற நோர்ட்ரிப்டிலினும் உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, இரண்டாம் வரிசை மருந்தாக வழிகாட்டிகளில் இருக்கிறது. இருதய வருத்தக்காரருக்கு யோசித்துத்தான் எழுத வேண்டும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சொல்லத் தேவை இருக்கிற ஒன்று தியோஃபிலின். மூச்சு இழுப்புக்கு இன்னும் நிறையப் பேருக்கு எழுதுகிறீர்கள். புகையில் இருக்கிற பொருட்கள் ஈரலை உசுப்பி அந்த மருந்தை வேகமாக உடைக்க வைக்கின்றன. ஆள் சிகரெட்டை நிறுத்தியதும் அந்த வேகம் சில நாளில் இறங்குகிறது, அதே மாத்திரை, அதே அளவு, ஆனால் இரத்தத்தில் அளவு ஏறுகிறது. ஓங்காளம், படபடப்பு, நித்திரையில்லாமை. மோசமானால் வலிப்பு. பாவம் அந்த மனுஷன், "சிகரெட்டை விட்டதாலதான் இப்படி ஆயிடுச்சு" என்று நினைத்துத் திரும்பப் பற்ற வைக்கிறார். விடச் சொல்கிற அன்றைக்கே அளவைக் குறைப்பதா, எப்போது திரும்ப வரச் சொல்வது என்று யோசியுங்கள். மனநலக் கிளினிக்கில் குளோசபின் எடுப்பவர்களுக்கும் இதே கதைதான்.

விட்ட பிறகு என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாதது இன்னொரு பெரிய ஓட்டை. இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம்: எரிச்சல், பசி, நித்திரை கெடுதல், மலச்சிக்கல். இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கிவிடும். சிலருக்கு முதல் வாரங்களில் இருமலும் சளியும் கூடும், ஏனென்றால் நெஞ்சு தன்னைத் துப்புரவாக்க ஆரம்பிக்கிறது. எங்கள் கடைக்கு வந்து "குடிச்சப்ப நல்லா இருந்தேன், விட்டதும் சளி புடிச்சிடுச்சு" என்று சொல்லி இருமல் பாணி கேட்கிறவர்களுக்கு நான் இதை விளக்கினால் நம்ப மாட்டார்கள். பாமசிக்காரன் சொல்கிறான் என்று தட்டிவிடுவார்கள். அதையே நீங்கள் சொன்னால் நிற்கும். அதோடு, ஒரு கல்யாண வீட்டில் ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை, மறுநாளிலிருந்து தொடருங்கள் என்பதையும் சொல்லுங்கள். அநேகமானவர்கள் ஒரே தடவையில் விடுவதில்லை.

அப்புறம் ஐயப்ப மாலை. இதை ஏன் எந்த வைத்தியரும் கேட்பதில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. கார்த்திகை பிறந்தால் மலையகத்தில் எத்தனை ஆண்கள் ஐயப்பனுக்கு மாலை போடுகிறார்கள் என்று பாருங்கள். கறுப்பு வேட்டி, காலையில் பச்சைத் தண்ணீரில் முழுக்கு, அதுவும் நுவரெலியாக் குளிரில். ஒரு மண்டலம், 41 நாள், சாராயம் இல்லை, சிகரெட் இல்லை, பலருக்கு வெற்றிலையும் இல்லை. "இவங்களால முடியாது" என்று நீங்கள் எழுதிவைத்த அதே ஆட்கள்! 41 நாள் என்பது என்ன? நிக்கோட்டின் கேட்டு உடம்பு படுத்துகிற அந்த நாலு வாரமும் முடிந்து, அதற்கு மேலும் ஏறக்குறைய இரண்டு வாரம் தாண்டிய கணக்கு. கஷ்டமான பகுதியை அவர் சாமியை நம்பித் தாண்டிவிட்டார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுகிற அன்றைக்கு, வாசலில் கூட்டாளி நீட்டுகிற ஒன்றில்தான் எல்லாம் திரும்ப ஆரம்பிக்கிறது. அந்த நேரத்தில் உடம்பு கேட்பதைவிடக் கூட்டாளி கேட்பதுதான் பெரிது.

ஆகவே கார்த்திகையிலும் மார்கழியிலும் கிளினிக்குக்கு வருகிற மாலைபோட்ட சாமியிடம் "சாமி, எப்ப கழட்டுறீங்க? அதுக்குப் பிறகும் விட்டது விட்டதாகவே இருந்தா என்ன?" என்று கேளுங்கள். கழற்றுகிற வாரத்துக்குக் கிளினிக் திகதி கொடுங்கள். மற்ற மாதங்களில் வருகிறவரிடம் "போன தடவை மாலை போட்டப்ப விட்டீங்களா? எத்தனை நாள்?" என்று கேளுங்கள். அதில் ஒரு பெருமை அவர் முகத்தில் தெரியும், அங்கிருந்து பேச்சை ஆரம்பிக்கலாம். முஸ்லிம் நண்பர்களுக்கு நோன்பு மாதம் அதே மாதிரி வாய்ப்பு. விடியலிலிருந்து மஃரிப் வரை தாங்குகிறவரிடம், நோன்பு திறந்த பிறகு பிடிக்கிற அந்த இரண்டைப் பற்றித்தான் பேச வேண்டும். இங்கே வேலை செய்கிற உங்களுக்குத்தான் இதெல்லாம் நன்றாகத் தெரியக்கூடியது.

பெண்களிடம் நீங்கள் கேட்பதே இல்லை. புகைக்கிறார்களா என்றால் இல்லைதான், நாட்டில் பெண்கள் புகைப்பது மிகக் குறைவு. ஆனால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, அதற்குள் ஒரு துண்டு புகையிலை: கொழுந்து எடுக்கிற அம்மாமார் எத்தனை பேரின் கன்னத்தில் அது காலையிலிருந்து மாலை வரை இருக்கிறது? குளிருக்கு, பசிக்கு, அலுப்புக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். புகையிலையோடு போட்டால் புற்றுநோய் என்பது பழைய செய்தி, பாக்கு தனியாகவே புற்றுநோயைத் தரும் என்று சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுதியில் எழுதிவிட்டது. இந்த நாட்டு ஆண்களுக்கு அதிகமாக வருவதில் வாய்ப்புற்று முன்வரிசையில் நிற்கிறது. தொண்டையைப் பார்க்க வாயைத் திறக்கச் சொல்கிறீர்களே, அப்போது கன்னத்தின் உள்பக்கத்தையும் ஒரு தடவை பாருங்கள். வெள்ளைத் திட்டு, வாய் முழுசாகத் திறக்க முடியாமை, ஆறாத புண். மூன்றையும் பார்க்க அரை நிமிஷம் கூட எடுக்காது. "சிகரெட் பிடிக்கிறீங்களா" என்பதை "புகையிலை ஏதாவது பாவிக்கிறீங்களா, வாயிலயோ புகையாவோ" என்று மாற்றினாலே பாதி வேலை முடியும்.

மார்பு நோய்க் கிளினிக் வைத்தியர்களுக்குத் தனியாக ஒன்று. சயரோகம் (டி.பி.) வருகிற ஆபத்தைப் புகைத்தல் ஏறக்குறைய இரண்டு மடங்காக்குகிறது, சிகிச்சையின் பலனையும் கெடுக்கிறது. அந்த நோயாளி ஆறு மாதம் உங்களை விட்டு எங்கும் போக முடியாது. மருந்து விழுங்குவதைப் பார்க்கவே ஆள் போட்டிருக்கிறீர்கள். அந்த ஆளே சிகரெட்டையும் விசாரித்தால் என்ன குறைந்துவிடும்?

கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கிற விஷயம்: உங்களில் சிலரும் புகைக்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால், வாகனம் நிறுத்துகிற இடத்தில். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தைச் சொல்லி, புகைக்கக்கூடாது என்ற பலகை தலைக்கு மேலேயே தொங்கும். சட்டத்தை விடுங்கள், நோயாளி ஜன்னலால் பார்க்கிறார். புகைக்கிற வைத்தியர் நோயாளியிடம் இதைப் பற்றிப் பேசுவதும் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன, அது இயல்புதானே. ஆனால் உங்கள் தொழிலுக்கு இதில் நல்ல சரித்திரமும் உண்டு. 1951இல் டொல், ஹில் என்ற இருவர் பிரித்தானிய வைத்தியர்களிடமே புகைப்பழக்கத்தை எழுதிக் கேட்டுத் தொடங்கிய ஆய்வு, 34 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண் வைத்தியர்களை 50 வருஷம் பின்தொடர்ந்தது. புகைத்தவர்கள் சராசரியாக 10 வருஷம் முன்னதாகச் செத்தார்கள். 60 வயதில் விட்டவர்கள் அதில் 3 வருஷத்தையும், 50இல் விட்டவர்கள் 6 வருஷத்தையும், 40இல் விட்டவர்கள் 9 வருஷத்தையும் மீட்டார்கள். முடிவுகள் வர வர அந்த வைத்தியர்களே கூட்டம் கூட்டமாக விட்டார்கள், நாட்டு மக்கள் பிறகுதான் விட்டார்கள். "இனி இந்த வயசுல விட்டு என்னத்துக்குங்க" என்று கேட்கிற அறுபது வயது கங்காணிக்குச் சொல்ல உங்களிடம் பதில் இருக்கிறது, அதுவும் உங்கள் சொந்தக்காரர்களை வைத்து எடுத்த கணக்கு.

தேசிய புகையிலை மற்றும் மதுசார அதிகார சபைக்கு ஓர் உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது, 1948. மலையகத்தானுக்கு 1948 என்றால் பிரஜாவுரிமை பறிபோன வருஷம். இலக்கம் கொடுத்தவர் அதை யோசித்திருக்க மாட்டார், ஆனால் எங்கள் ஆட்களுக்கு மறக்காது என்பது மட்டும் ஒரு வசதி. நீங்கள் எல்லாவற்றையும் தனியாகச் செய்ய வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். தோட்டத்து வைத்திய உதவியாளர், குடும்பநல உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ., இவர்கள்தான் லயத்து வாசலுக்கே போகிறவர்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஒருவர் புகைத்தால் பிள்ளைகளும் சேர்ந்துதான் இழுக்கின்றன என்பதை அவர்கள் அங்கேயே காட்டிச் சொல்ல முடியும். அவர்களுக்கு ஒரு பின்னேரம் ஒதுக்கி இதைச் சொல்லிக்கொடுக்கிற அதிகாரம் சுகாதார வைத்திய அதிகாரியாக, அதாவது எம்.ஓ.எச். ஆக இருக்கிற உங்களிடம்தான் இருக்கிறது.

என் பக்கத்திலிருந்து இவ்வளவு செய்யலாம். கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் விடுகிற திகதியைப் பெரிதாக எழுதி அனுப்புங்கள். மருந்து கட்டும்போது கொப்பியை எப்படியும் புரட்டுகிறோம், நாங்களும் கேட்போம், கேட்டதைப் பக்கத்தில் குறித்தும் வைப்போம். சுற்றியுள்ள மற்றப் பாமசிக்காரர்களிடமும் பேசிப் பார்க்கிறேன், இரண்டு மூன்று பேர் ஒத்துக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். நிக்கோட்டின் சூயிங்கம் எழுதுவதாக இருந்தால், ஒரு ஆளுக்கு ஒரு பெட்டி என்று கொழும்பிலிருந்து எடுப்பித்தால் செலவு கட்டாது. ஆனால் ஒரே மாதத்தில் உங்களில் நாலைந்து பேர் எழுதினால் சேர்த்து எடுக்கலாம். எழுதுவதற்கு முன்னால் இருக்கிறதா, என்ன விலை என்று கேட்க ஆள் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானம் வரை கடை திறந்துதான் இருக்கும்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துப் பாமசிக்காரன்